பற்கூழ் அழற்சிக்கு எந்த மருந்துப் பொருள் நல்லது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டது” என்று பல் மருத்துவர் சொன்னதும் பெரும்பாலானோர் மனத்தில் எழுவது ஒரே கேள்விதான்: ரூட் கெனாலா, பல்லைப் பிடுங்குவதா? இந்த இரண்டுக்கும் முன்பே இன்னொரு வழி இருக்கிறது. பல்லுக்குள் உள்ள உயிருள்ள திசுவை முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ காப்பாற்றி, அதன்மேல் தகுந்த மருந்துப் பொருளை வைத்து மூடிவிடலாம். அந்தப் பொருட்கள் என்னென்ன, எதை எப்போது நம்பலாம் என்று நோயாளிகளும் பல் மருத்துவ மாணவர்களும் கேட்பவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

பற்கூழ் என்பது எது? அதில் அழற்சி வந்தால் ஏன் இப்படி வலிக்கிறது?

பல்லின் மேலே எனாமல், அதற்கு அடியில் டென்டின். டென்டினுக்கும் உள்ளே, பல்லின் நடுவில் தொடங்கி வேர் நுனி வரை ஓடும் மென்மையான திசுதான் பற்கூழ். நாம் பேச்சில் ‘நரம்பு’ என்று சொல்வது இதைத்தான். ஆனால் அதில் நரம்பு மட்டும் இல்லை. இரத்தக் குழாய்கள், எதிர்ப்பு அணுக்கள், புதிய டென்டினை உருவாக்கும் அணுக்கள், தேவைப்பட்டால் அவற்றின் இடத்தைப் பிடிக்கக்கூடிய தண்டு அணுக்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. பற்கூழைக் காப்பாற்றலாம் என்ற நம்பிக்கை முழுவதும் இந்த அணுக்களை வைத்துத்தான்.

கையில் அடிபட்டால் அந்த இடம் வீங்கும், வீங்க இடமும் இருக்கிறது. பற்கூழைச் சுற்றி இருப்பதோ கடினமான சுவர். உள்ளே அழுத்தம் ஏறும்போது விலகிக்கொடுக்க ஒன்றும் இல்லாததால் வலி நெஞ்சைப் பிளக்கிறது. படுத்ததும் தலைப்பக்கம் இரத்த அழுத்தம் கூடுவதால் பலருக்கு இரவில்தான் தாங்க முடியாமல் போகிறது.

‘மீளக்கூடிய அழற்சி’, ‘மீளாத அழற்சி’ என்று மருத்துவச் சீட்டில் எழுதுகிறார்களே?

குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீரென்று கூசி, தண்ணீரை விழுங்கிய சில நொடிகளில் அடங்கிவிட்டால் அது பெரும்பாலும் மீளக்கூடிய நிலை. சொத்தையை நீக்கி அடைத்தால் பற்கூழ் தானே தேறிவிடும். குளிர்ச்சி போன பிறகும் வலி நிமிடக்கணக்கில் நீடித்தாலோ, எதுவும் படாமலே வலி எழுந்தாலோ, தூக்கத்தைக் கலைத்தாலோ அதை மீளாத அழற்சி என்று எழுதுவது வழக்கம்.

இந்தப் பிரிவினை நோயாளி சொல்லும் அறிகுறிகளையும் குளிர்ச்சிச் சோதனையையும் மட்டுமே நம்பி நிற்கிறது. பற்கூழைக் கண்ணால் பார்த்து யாரும் இதை எழுதுவதில்லை. ஒரே பல்லில் மேற்பகுதி அழுகியும், ஒரு மில்லிமீட்டர் கீழே திசு நலமாகவும் இருக்கலாம். ஆகவே ‘மீளாத’ என்ற சொல்லைக் கேட்டதும் முழுப் பற்கூழும் போய்விட்டது என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

மீளாத அழற்சி என்றால் ரூட் கெனால் ஒன்றுதானே வழி?

நீண்ட காலம் அப்படித்தான் கற்பித்தார்கள். இன்று அந்த விதி தளர்ந்துவிட்டது. அமெரிக்க எண்டோடான்டிஸ்ட்கள் (பற்கூழ், வேர்ச் சிகிச்சை நிபுணர்கள்) சங்கம் 2021-இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை, மீளாத அழற்சியின் அறிகுறிகள் இருந்தாலும் பற்கூழைக் காக்கும் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. உள்ளே சென்று பார்த்து, திசுவின் நிலையை அறிந்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் பல நாட்டு ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஈரானில் சயீத் அஸ்கரியும் அவருடைய குழுவினரும் செய்தது. மீளாத அழற்சி கொண்ட 407 கடைவாய்ப் பற்களை இரு பிரிவாக்கி, ஒன்றுக்கு ரூட் கெனாலும், மற்றொன்றுக்கு மேற்பகுதிப் பற்கூழை மட்டும் நீக்கி சி.இ.எம். என்ற கால்சியம் கலந்த சிமெண்டை வைக்கும் சிகிச்சையும் செய்தார்கள். ஐந்து ஆண்டு முடிவுகள் 2015-இல் வெளியாயின. பற்கூழைக் காத்த பிரிவில் வெற்றி 78.1 சதவீதம், ரூட் கெனால் பிரிவில் 75.3 சதவீதம். எளிய சிகிச்சை, நீண்ட சிகிச்சைக்குக் குறையவில்லை.

இதனால் ரூட் கெனால் தேவையில்லாமல் போய்விட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பற்கூழ் முழுவதும் இறந்துவிட்ட பல்லுக்கும், வேர் நுனியில் சீழ் கோத்த பல்லுக்கும் ரூட் கெனால்தான் சிகிச்சை. உயிர் இருக்கும் பல்லில் மட்டுமே இந்த மருந்துப் பொருட்களைப் பற்றிய பேச்சுக்கு இடம் உண்டு.

இந்தப் பொருட்களை எந்தச் சிகிச்சையில் வைக்கிறார்கள்?

ஆழமான சொத்தையில் அடித்தட்டை மட்டும் மெல்லியதாக விட்டுவைத்து, பற்கூழைத் திறக்காமலே மேலே பொருளை வைத்து அடைப்பது ஒரு முறை. முடிந்தவரை பற்கூழைத் திறக்காமல் இருப்பதே நல்லது என்பதால், இன்று பல நாடுகளின் வழிகாட்டுதல்கள் இதையே முதலில் சொல்கின்றன. ‘சொத்தை துளியும் மிச்சமில்லாமல் சுரண்டினால்தான் நல்ல மருத்துவர்’ என்று நினைக்கும் நோயாளிகளுக்கு இது வியப்பாக இருக்கும். காற்றுப் புகாமல் மூடப்பட்ட சொத்தைக்குள் கிருமிகளுக்கு உணவு கிடைப்பதில்லை, அவை பெருகுவது நின்றுவிடுகிறது.

பற்கூழ் ஊசிமுனை அளவு திறந்துவிட்டால் அந்த இடத்தில் நேராகப் பொருளை வைப்பது பல்ப் கேப்பிங். அழற்சியுற்ற மேல்பகுதியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெட்டியெடுத்துவிட்டு வைப்பது பகுதிப் பல்பாட்டமி. பல்லின் மேல்பாகத்தில் உள்ள பற்கூழ் முழுவதையும் எடுத்து, வேர்களுக்குள் இருப்பதை மட்டும் விட்டுவைப்பது முழுப் பல்பாட்டமி. நான்கிலும் ஒரே பொருட்கள்தான் போட்டியில் இருக்கின்றன.

இந்தப் பொருட்கள் உள்ளே என்னதான் செய்கின்றன?

கால்சியம் அயனிகளையும் ஹைட்ராக்சில் அயனிகளையும் வெளிவிடுகின்றன. ஹைட்ராக்சில் அயனிகளால் அந்த இடம் கடும் காரத்தன்மை அடைகிறது, பெரும்பாலான கிருமிகள் அதில் பிழைப்பதில்லை. அதே காரத்தன்மை டென்டினை மிக இலேசாகக் கரைத்து, அதனுள் பல் உருவான காலத்திலேயே பூட்டிவைக்கப்பட்ட வளர்ச்சிக் காரணிகளை விடுவிக்கிறது. அவற்றின் சைகையைப் பெற்ற தண்டு அணுக்கள் திறந்த இடத்துக்கு வந்து, டென்டின் செய்யும் அணுக்களாக மாறி, சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் புதிய கடினத் தடுப்பு ஒன்றைக் கட்டுகின்றன. இதை டென்டின் பாலம் என்கிறோம். பாலத்தைக் கட்டுவது பற்கூழ். பொருளின் வேலை கிருமியை விலக்கிவைத்து, கட்டத் தூண்டுவது.

கால்சியம் ஹைட்ராக்சைடு பழைய பொருள் என்கிறார்கள். அது அவ்வளவு மோசமா?

ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் ஹெர்மன் 1920-இல் பல் மருத்துவத்துக்குள் கொண்டுவந்த பொருள் இது. அதற்கு முன் பற்கூழ் திறந்தால் பல் போனது போலத்தான். அந்த நிலையை மாற்றிய பெருமை இதற்கு உண்டு. இதன் பி.எச். அளவு சுமார் 12.5. பற்கூழில் பட்ட இடத்தில் மெல்லிய அடுக்கு ஒன்று பொசுங்கி, அதன் அடியில் டென்டின் பாலம் உருவாகிறது.

குறை எங்கே என்றால், இது டென்டினோடு ஒட்டுவதில்லை. காலப்போக்கில் கரைந்து, அடைப்புக்கு அடியில் வெற்றிடத்தை விட்டுச்செல்கிறது. அது தூண்டிய டென்டின் பாலத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் சுரங்கம் போன்ற துளைகள் பல இருக்கும். மேலே அடைப்பு கசிந்தால், அந்தத் துளைகள் வழியாகக் கிருமிகள் மறுபடியும் பற்கூழை அடைகின்றன. முதல் ஆண்டில் நன்றாக இருந்த பல் மூன்றாவது, ஐந்தாவது ஆண்டில் தொல்லை தருவதற்கு இது ஒரு காரணம்.

எண்களும் அதைத்தான் காட்டுகின்றன. அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் சாதாரணப் பல் மருத்துவ மனைகளில் 376 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான சோதனையில், இரண்டு ஆண்டுகளில் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்த பற்களில் 31.5 சதவீதம் தோற்றன. எம்.டி.ஏ. என்ற கால்சியம் சிலிக்கேட் சிமெண்டை (கீழே விளக்குகிறேன்) வைத்தவற்றில் 19.7 சதவீதம். ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் இன்னும் நீண்ட காலம் கவனித்து 2014-இல் வெளியிட்டதில் எம்.டி.ஏ. வெற்றி 80.5 சதவீதம், கால்சியம் ஹைட்ராக்சைடு 59 சதவீதம். ஜோர்டானில் மீளாத அழற்சியின் அறிகுறிகளோடு வந்த பற்களில் பகுதிப் பல்பாட்டமி செய்து பார்த்தபோது இடைவெளி இன்னும் பெரிதானது: இரண்டு ஆண்டு முடிவில் எம்.டி.ஏ. 85 சதவீதம், கால்சியம் ஹைட்ராக்சைடு 43 சதவீதம்.

அப்படியானால் விழுந்து உடைந்த பல்லுக்கு இன்னும் அதை வைக்கிறார்களே?

இந்தக் கேள்வியில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்வீடனில் மியோமிர் ட்செவெக் 1978-இல் வெளியிட்ட ஆய்வு பல் மருத்துவ மாணவர் எல்லாருக்கும் தெரிந்தது. விழுந்து உடைந்து பற்கூழ் வெளியே தெரிந்த 60 முன்பற்களில் பகுதிப் பல்பாட்டமி செய்து கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்தார். 96 சதவீதம் தேறின. அங்கே கால்சியம் ஹைட்ராக்சைடு கண்ட வெற்றி சொத்தைப் பல்லில் ஏன் கிடைக்கவில்லை?

உடைந்த பல்லின் பற்கூழ் நேற்றுவரை நலமாக இருந்தது. சொத்தைப் பல்லின் பற்கூழோ மாதக்கணக்கில் கிருமிகளின் நச்சை வாங்கிக் களைத்துப்போனது. திடமான திசுவில் எந்தப் பொருளும் ஓரளவு வெல்லும். நலிந்த திசுவில்தான் பொருளுக்குப் பொருள் வேறுபாடு வெளிப்படுகிறது. அழற்சி எவ்வளவு முற்றியிருக்கிறதோ, அவ்வளவுக்குக் கால்சியம் ஹைட்ராக்சைடு பின்தங்குகிறது என்பதே என் முடிவு.

எம்.டி.ஏ. என்றால் என்ன?

மினரல் ட்ரையாக்சைடு அக்ரிகேட் என்பதன் சுருக்கம். கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினிஜாத் உருவாக்கியது. 1993-இல் முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது, 1998-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. முதலில் வந்த வகையில் சுமார் 75 சதவீதம் தூய்மையாக்கப்பட்ட போர்ட்லாண்ட் சிமெண்ட், 20 சதவீதம் பிஸ்மத் ஆக்சைடு, 5 சதவீதம் ஜிப்சம். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகவே பிஸ்மத் ஆக்சைடு சேர்க்கப்படுகிறது.

தண்ணீர் சேர்த்துக் குழைத்தால் கால்சியம் சிலிக்கேட் நீரேறி இறுகுகிறது. இறுகும்போது உப விளைவாகக் கால்சியம் ஹைட்ராக்சைடு பிறக்கிறது. எனவே எம்.டி.ஏ.வும் கடைசியில் பற்கூழுக்குக் கொடுப்பது அதே கால்சியம், அதே காரத்தன்மைதான். ஆனால் ஒரே நாளில் கொட்டிவிடாமல், கெட்டியான அமைப்புக்குள் வைத்துக்கொண்டு நாள்பட நாள்பட விடுகிறது. தானும் கரைவதில்லை, டென்டின் ஓரங்களில் இறுக்கமாகப் பொருந்துகிறது. ஈரமும் துளி இரத்தமும் உள்ள இடத்திலும் இறுகுவது இதன் தனிச்சிறப்பு. இது தூண்டும் டென்டின் பாலம் தடிமனாகவும் துளை குறைவாகவும் இருக்கிறது.

தொல்லைகளும் உண்டு. முதலில் வந்த எம்.டி.ஏ. முழுதாக இறுகக் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம் எடுக்கும். ஈர மணல் போல இருப்பதால் கையாள்வது கடினம். பிஸ்மத் ஆக்சைடு காலப்போக்கில் பல்லைச் சாம்பல் நிறமாக்குகிறது. இரத்தத்தை நிறுத்தப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலோடு சேர்ந்தால் அது கருப்பாகவே மாறிவிடும். கடைவாய்ப் பல்லில் யாரும் கவனிக்க மாட்டார்கள். பள்ளிக்குப் போகும் பெண்ணின் முன்பல்லில் அதை வைத்துவிட்டு, ஓராண்டு கழித்துக் கருநிழலைக் காட்டி “என்ன செய்வது?” என்று கேட்கும் பெற்றோருக்குச் சொல்ல நல்ல பதில் இல்லை. முன்பல்லில் பிஸ்மத் கலந்த எம்.டி.ஏ. வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பயோடென்டின் அதைவிட உயர்ந்ததா?

பயோடென்டின் பிரான்ஸின் செப்டோடான்ட் நிறுவனத்தின் தயாரிப்பு, 2010-ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்தது. இதுவும் கால்சியம் சிலிக்கேட் குடும்பம்தான். சுரங்கத்திலிருந்து எடுத்த மூலப்பொருளைத் தூய்மையாக்குவதற்குப் பதிலாக, ட்ரைகால்சியம் சிலிக்கேட்டை ஆய்வகத்திலேயே தயாரிக்கிறார்கள். பிஸ்மத்துக்குப் பதில் ஜிர்கோனியம் ஆக்சைடு சேர்ப்பதால் பல் நிறம் மாறும் சிக்கல் மிகக் குறைவு. திரவத்தில் கால்சியம் குளோரைடு இருப்பதால் சுமார் 12 நிமிடத்தில் இறுகுகிறது. தூள் உள்ள குப்பியில் ஐந்து சொட்டுத் திரவம் விட்டு, இயந்திரத்தில் 30 நொடி குலுக்கினால் தயார்.

பற்கூழ் தேறுவதைப் பொறுத்தவரை எம்.டி.ஏ.வும் பயோடென்டினும் ஏறத்தாழச் சமம். ஒப்பீட்டு ஆய்வுகளில் பெரும்பாலானவை குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. பயோடென்டினின் வெற்றி கையாளும் வசதியில் இருக்கிறது: விரைவாக இறுகும், நிறம் மாறாது, டென்டின் போலவே உறுதியாக இருப்பதால் பெரிய குழியையும் அதைக் கொண்டே நிரப்பலாம். எக்ஸ்ரேயில் எம்.டி.ஏ. போல வெண்மையாகத் தெரியாது. பின்னாளில் வேறொரு மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்து, “இங்கே எதுவும் வைக்கவில்லையே” என்று குழம்ப வாய்ப்பு உண்டு. எனவே என்ன வைத்தார்கள் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குழைக்கத் தேவையில்லாத பேஸ்ட் வகைகளும் வந்திருக்கின்றனவே?

ஆம். ஊசிக்குழலிலோ சிறு டப்பாவிலோ தயாராக வரும் பயோசெராமிக் மாவுகள் இவை. உடலின் ஈரத்தையே வாங்கி இறுகுகின்றன. மருத்துவருக்கு மிக எளிது, குழைப்பதில் வரும் கைப்பிழை இல்லை. பற்கூழ் சிகிச்சையில் இவற்றுக்குக் கிடைத்துள்ள முடிவுகளும் நல்லவை. நீண்ட காலக் கணக்கில் மட்டும் எம்.டி.ஏ.வே மூத்தது.

நீல விளக்கொளியில் சட்டென்று இறுகும் கால்சியம் சிலிக்கேட்டை வைக்கலாமா?

திறந்த பற்கூழின்மேல் வேண்டாம் என்பேன். தெராகால் போன்ற இந்த வகைகளில் கால்சியம் சிலிக்கேட்டோடு பிசினும் கலந்திருக்கிறது. ஒளியில் முழுதும் இறுகாமல் மிச்சமாகும் பிசின் மூலக்கூறுகள் பற்கூழ் அணுக்களுக்கு நஞ்சு. எடுத்துவிட வேண்டியிருந்த ஞானப் பற்களில் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பயோடென்டின் வைத்த எல்லாப் பற்களிலும் முழுமையான டென்டின் பாலம் உருவாகியிருந்தது. எம்.டி.ஏ.வில் 56 சதவீதம். தெராகாலில் வெறும் 11 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனால் வேறுபாடு அலட்சியப்படுத்தக்கூடியது அல்ல. பற்கூழ் திறக்காத ஆழமான குழிக்கு அடியில் வைப்பது வேறு விஷயம்.

எம்.டி.ஏ. போர்ட்லாண்ட் சிமெண்ட்தான் என்றால், கட்டடச் சிமெண்டை வைத்தால் என்ன?

இணையத்தில் இப்படி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். அடிப்படை வேதியியல் ஒன்றாக இருக்கலாம். கட்டடச் சிமெண்டில் ஆர்செனிக் போன்ற கன உலோகங்களின் அளவுக்கு மருத்துவக் கட்டுப்பாடு கிடையாது, துகள்கள் பெரியவை, அளவு ஒரே சீராக இருக்காது, கிருமி நீக்கம் செய்யப்படவில்லை, எக்ஸ்ரேயிலும் சரியாகத் தெரியாது. மருத்துவ ஒப்புதல் பெறாத ஒன்றை உயிருள்ள திசுவின்மேல் வைக்க எந்த மருத்துவருக்கும் உரிமை இல்லை.

கிராம்பு எண்ணெய் வைத்தால் வலி போய்விடுகிறதே, அதையே தொடரலாமா?

நம் வீடுகளில் பல் வலிக்கு முதல் மருந்து கிராம்புதான். அதில் உள்ள யூஜினால் நரம்பை மரத்துப்போகச் செய்வது உண்மை. பல் மருத்துவரும் ஜிங்க் ஆக்சைடோடு யூஜினாலைச் சேர்த்துத் தற்காலிக அடைப்பாக வைக்கிறார். அந்த அடைப்புக்கும் பற்கூழுக்கும் நடுவே டென்டின் இருக்கும்போது அது நல்ல பொருள். திறந்த பற்கூழில் நேராகப் பட்டால் அதே யூஜினால் அணுக்களைக் கொல்லும், நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும், டென்டின் பாலத்தையும் கட்டவிடாது. ஒருநாள் இரவைக் கடக்கப் பஞ்சில் துளி தொட்டு வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் மருத்துவரிடம் போய்விடுங்கள். வலி நின்றதை நோய் நின்றதாக எண்ணி மாதக்கணக்கில் காத்திருந்தவர்களின் பல்லைத்தான் காப்பாற்ற முடியாமல் போகிறது.

ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் பற்கூழ் அழற்சி குறையுமா?

குறையாது. மீளாத அழற்சியின் வலிக்கு ஆன்டிபயாடிக் உதவவில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் இதற்காக அவற்றைத் தர வேண்டாம் என்கிறது. மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி மூன்று நாள் விழுங்குவது நம் ஊரில் மிகச் சாதாரணம், அதனால் விளைவது கிருமிகளின் எதிர்ப்புத் திறன் மட்டுமே. உடலுக்கு ஒத்துக்கொள்பவர்களுக்கு ஐபுப்ரொஃபன், பாராசிட்டமால் போன்ற வலி மருந்துகளை மருத்துவர் சொல்லும் அளவில் எடுக்கலாம். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமமாக இருந்தாலோ நிலைமை வேறு. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குழந்தையின் பால் பல்லுக்கு எதை வைப்பது? விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடலாமா?

பால் கடைவாய்ப் பற்கள் பொதுவாக 10 முதல் 12 வயதில்தான் விழுகின்றன. ஐந்து வயதுக் குழந்தைக்கு அவை இன்னும் பல ஆண்டு சோறு மெல்ல வேண்டியவை, நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவை. விட்டுவிடுவது சரியல்ல.

பால் பல் பல்பாட்டமியில் தலைமுறைகளாக ஆண்ட பொருள் ஃபார்மோக்ரெசால். 1904-இல் பக்லி அறிமுகப்படுத்திய கலவையில் 19 சதவீதம் ஃபார்மால்டிஹைடு, 35 சதவீதம் கிரெசால். பிறகு அதை ஐந்தில் ஒரு பங்காக நீர்த்துப் பயன்படுத்தினார்கள். அது பற்கூழை ஆற்றுவதில்லை. திசுவை அப்படியே உறையவைத்து, அழுகாமல் நிறுத்திவைக்கிறது. பல் விழும்வரை தாக்குப்பிடித்தால் போதும் என்ற கணக்கில் அது நன்றாகவே வேலை செய்தது, வெற்றி விகிதமும் குறைவில்லை. 2004-இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. பல்லில் சில நிமிடம் வைக்கும் சிறு அளவால் குழந்தைக்குக் கேடு வந்ததாக நிறுவப்படவில்லை. என்றாலும் அதே அளவோ அதைவிட மேலாகவோ பலன் தரும் எம்.டி.ஏ. கையில் இருக்கும்போது, அந்தப் புட்டியைத் திறக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஃபெரிக் சல்பேட் 15.5 சதவீதக் கரைசல் இன்னொரு வழி. இரத்தத்தை உடனே நிறுத்தும், விலை குறைவு. நிறுத்துவதாலேயே ஓர் ஆபத்தும் உண்டு: பற்கூழ் உண்மையில் நலமா என்பதை இரத்தப்போக்கைப் பார்த்துத்தான் அறிகிறோம், அந்த அடையாளத்தை இது மறைத்துவிடுகிறது. சில பற்களில் பின்னாளில் வேர் உள்ளிருந்து அரிக்கப்படுவதும் காணப்படுகிறது. பால் பல்லில் கால்சியம் ஹைட்ராக்சைடு பல்பாட்டமி இந்த அரிப்புக்காகவே கைவிடப்பட்டது. எந்தப் பொருளை வைத்தாலும் மேலே எஃகு உறை போட்டுவிடுவது பல்லின் ஆயுளைக் கூட்டும்.

எட்டு வயதுப் பையனுக்கு நிரந்தரக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. ரூட் கெனால் செய்யலாமா?

ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லின் வேர் நுனி மூட இன்னும் மூன்று ஆண்டு ஆகும். எட்டு வயதில் பற்கூழை முழுவதும் எடுத்துவிட்டால் வேர் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். சுவர் மெலிந்த, நுனி திறந்த வேரோடு அந்தப் பல் எழுபது வயது வரை எப்படி நிற்கும்? பற்கூழில் துளி உயிர் இருந்தாலும் எம்.டி.ஏ. அல்லது பயோடென்டின் வைத்துக் காத்து, வேரை வளரவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் பெற்றோர்கள் இதை மறந்துவிட வேண்டாம்.

எல்லாம் படித்தாகிவிட்டது. ஒரே பொருளைச் சொல்லச் சொன்னால்?

கால்சியம் சிலிக்கேட் குடும்பத்தில் ஒன்று. கடைவாய்ப் பல்லானால் எம்.டி.ஏ.வோ பயோடென்டினோ, முன்பல்லானால் பயோடென்டின் அல்லது ஜிர்கோனியம் கலந்த வேறொன்று. ஐரோப்பிய எண்டோடான்டாலஜி சங்கமும் 2019-இல் திறந்த பற்கூழுக்கு இந்தக் குடும்பத்தையே பரிந்துரைத்தது.

ஆனால் பொருளின் பெயரிலேயே நின்றுவிட்டால் முக்கியமானது கைநழுவும். 1965-இல் அமெரிக்காவில் ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். எலிகளின் பற்கூழைத் திறந்து எந்த மருந்தும் வைக்காமல், அடைக்காமல் விட்டார்கள். சாதாரண எலிகளில் பற்கூழ் அழுகிச் சீழ் கோத்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளில், திறந்த வாயில் உணவு அடைந்துகிடந்தும், பற்கூழ் தானாகவே டென்டின் பாலம் கட்டிக்கொண்டது. மருந்தே இல்லாமல்! கிருமி இல்லாவிட்டால் பற்கூழ் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் என்பதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துகொண்டோம்.

ஆகவே நான் முதலில் பார்ப்பது பல்லைத் தனிமைப்படுத்தும் ரப்பர் டாம் விரிப்பை. எச்சில் வழியும் குழிக்குள் எவ்வளவு விலையுயர்ந்த சிமெண்டை வைத்தாலும் கிருமியையும் சேர்த்துத்தான் பூட்டிவைக்கிறோம். அடுத்தது இரத்தம். அழற்சியுற்ற பகுதியை நீக்கிய பின் ஹைப்போகுளோரைட் நனைத்த பஞ்சை வைத்தால் ஐந்து, மிஞ்சிப்போனால் பத்து நிமிடத்தில் இரத்தம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மிச்சமுள்ள திசுவும் நலமில்லை, இன்னும் ஆழமாக நீக்க வேண்டும், அல்லது ரூட் கெனாலுக்குப் போக வேண்டும். இரத்தம் வரவே இல்லை என்றால் அந்த இடம் இறந்துவிட்டது. மூன்றாவது, மேலே போடும் நிரந்தர அடைப்பு. “பிறகு வந்து போட்டுக்கொள்கிறேன்” என்று தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் இருந்துவிட்டால், உள்ளே என்ன வைத்தும் பலனில்லை. கூடுமானவரை அதே நாளில் நிரந்தர அடைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

செலவு அதிகமா?

கால்சியம் ஹைட்ராக்சைடோடு ஒப்பிட்டால் எம்.டி.ஏ.வும் பயோடென்டினும் பல மடங்கு விலை. இந்தியாவிலேயே தயாராகும் எம்.டி.ஏ. வகைகள் வந்தபின் சுமை கொஞ்சம் குறைந்திருக்கிறது. மொத்தச் செலவைப் பாருங்கள்: பல்பாட்டமி பெரும்பாலும் ஒரே அமர்வில் முடிகிறது. ரூட் கெனாலுக்குப் பல அமர்வுகள் ஆகலாம், பின் உறையும் போட வேண்டும். பொருளின் விலையைக் காட்டி ஒரு மருத்துவர் தயங்கினால், கூடுதல் தொகை எவ்வளவு என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்?

பற்கூழில் உயிர் இருக்கிறதா, எந்தச் சோதனையால் அறிந்தீர்கள்? ரப்பர் டாம் போடுவீர்களா? திறந்தால் எந்தப் பொருளை வைப்பீர்கள்? இரத்தம் நிற்காவிட்டால் அடுத்து என்ன? இவற்றைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல மருத்துவர் மகிழ்ச்சியோடு விளக்குவார்.

பல்பாட்டமி செய்து ஆறு மாதம் ஆகிறது. அந்தப் பல்லில் குளிர்ச்சியே தெரியவில்லை. செத்துவிட்டதா?

முழுப் பல்பாட்டமி செய்த பல்லில் குளிர்ச்சி தெரியாமல் இருப்பது இயல்பு. உணரக்கூடிய மேல்பகுதியை எடுத்துவிட்டோம், வேரில் உள்ளதை எட்டுமுன் குளிர்ச்சி தேய்ந்துவிடுகிறது. பல்லில் உயிர் இருக்கிறதா என்பதை வலி இல்லாமை, தட்டினால் நோகாமை, ஈறில் கொப்புளம் வராமை, எக்ஸ்ரேயில் வேர் நுனி எலும்பு நலமாகத் தெரிவது ஆகியவற்றைக் கொண்டே சொல்ல முடியும்.

ஆறு மாதத்தில் ஒருமுறை, ஓராண்டில் ஒருமுறை, அதன்பின் சில ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். சில பற்களில் பற்கூழ் உற்சாகமாக டென்டினைக் கட்டிக்கொண்டே போய் வேர்க்குழாயைக் குறுக்கிவிடுவதுண்டு. அது தனியாக ஒரு நோய் இல்லை, ஆனால் பின்னாளில் ரூட் கெனால் தேவைப்பட்டால் குழாயைக் கண்டுபிடிப்பது கடினமாகும். வலி திரும்பினாலோ எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கருமை தெரிந்தாலோ தாமதிக்காமல் போங்கள், குழாய் திறந்திருக்கும்போதே ரூட் கெனால் செய்துவிடலாம்.